பழைய மோட்டார் சைக்கிளை வீட்டில் பிரிப்பதற்கு முன்

ஆர்வத்தோடு பிரித்து, அட்டைப்பெட்டிகளில் போட்டு, ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடக்கும் மோட்டார் சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகும். அப்படிக் கிடப்பவற்றில் பல, பிரித்த நாள் காலைவரை ஓடிக்கொண்டிருந்தவை. புகை வந்திருக்கும், சத்தம் கேட்டிருக்கும், ஆனாலும் ஓடியிருக்கும். இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி கையில் இல்லாததால் வேலை ஒரு நாள் நின்றிருக்கும். ஒரு நாள் வாரமாகி, வாரம் மாதமாகி, எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பதே மறந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கக் கை வராது.

அதனால், முதன்முறையாக வீட்டில் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் பிரிப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றித்தான். ரிங் மாற்றுவதையும் வால்வு தேய்ப்பதையும் படித்தும் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம். எந்த நாளில் வேலை நின்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்திருப்பதுதான் புதியவருக்குக் கடினம். அந்த ஏற்பாட்டை முதல் நட்டைத் தொடுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும்.

ஓடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் அதுவே பெரிய வசதி. பிரித்துவிட்டால் அது பேசாது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். எந்த கியர் நழுவுகிறது, எந்த வேகத்தில் அதிர்கிறது, சூடான பிறகு எந்தச் சத்தம் கூடுகிறது என்று அன்றன்றே எழுதுங்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் வேகம் கூட்டும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மூடி இறக்கத்தில் வந்து, மறுபடி திறக்கும்போது குபுக்கென்று வந்தால் வால்வு கைடும் அதன் ஆயில் சீலும் தேய்ந்திருக்கக்கூடும். கறுப்புப் புகை என்றால் இன்ஜினைக் குறைசொல்வதற்கு முன் கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் புகை இயல்பானது. ஆனால் கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறைந்து, புகையும் கூடினால், கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை உதைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மூடிவைத்துச் சோதித்தால் நல்ல இன்ஜினும் குறைவாகத்தான் காட்டும். கிடைத்த அளவைக் குறித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியாக. ஏறாவிட்டால் வால்வையோ, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். ஹெட்டைக் கழற்றினாலே தீரக்கூடிய வேலைக்கு முழு இன்ஜினையும் இறக்காமல் காப்பாற்றும் சோதனை இது.

நெடுங்காலமாக நின்றுபோன வண்டி என்றால் உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, சில நாட்கள் காத்திருந்து, கிராங்க் தண்டின் முனையில் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டின் நட்டில் ஸ்பேனர் வைத்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். துருப்பிடித்த ரிங்கைப் பலவந்தமாக நகர்த்தினால் சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

மேனுவல் இல்லாமல் தொடங்க வேண்டாம்

உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய சர்வீஸ் மேனுவலும், உதிரிபாகப் படங்கள் அடங்கிய பார்ட்ஸ் புத்தகமும் வேண்டும். இரண்டும் வேறுவேறு. எவ்வளவு முறுக்க வேண்டும், எவ்வளவு தேய்மானம்வரை விடலாம் என்பதை மேனுவல் சொல்லும். எந்த வாஷர் எந்தப் பக்கம், எத்தனை, எந்த வரிசையில் என்பதை பார்ட்ஸ் புத்தகத்தின் படங்கள் காட்டும். பழைய வண்டியில் உங்களுக்கு முன் எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று தெரியாது. நீங்கள் கழற்றும்போது கிடைத்த வரிசையே தவறாக இருக்கலாம்.

பிரிப்பதற்கு முன் மேனுவலை ஒருமுறை முழுவதும் படித்து, இடது மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால் இளகும் மரை, உள்ள இடங்களை அடிக்கோடிட்டு வையுங்கள். சில வண்டிகளில் மேக்னெட்டைக் கழற்றும் புல்லர் பொருந்தும் மரை இடது மரை. இதை அறியாமல் எதிர்ப்பக்கம் பலம் கொடுத்தால் மரை நாசமாகிவிடும், பிறகு மேக்னெட்டை எடுக்க நேரான வழி இருக்காது. சிறப்புக் கருவி தேவைப்படும் இடங்களையும் அதே வாசிப்பில் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் முழுவதும் கைக்கு வரும்வரை வண்டி ஓடட்டும்.

இடமும் பாதுகாப்பும்

பெரிய ஷெட் தேவையில்லை. வண்டியைச் சுற்றி நடக்க இடமும், பூட்டக்கூடிய கதவும், நல்ல வெளிச்சமும் போதும். தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்குங்கள், இரு கைகளும் வேலையில் இருக்கும்போது அதன் அருமை தெரியும். தரையில் வடிகால் துளை இருந்தால் அடைத்துவிடுங்கள். கீழே வெளிர்நிறத் துணி விரித்திருந்தால் விழுந்த சிறு பொருள் கண்ணில் படும்.

பெட்ரோல் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். டேங்கை முதலில் வடித்து, வேலை செய்யும் அறைக்கு வெளியே வைக்க வேண்டும். காலி டேங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே தங்கியிருக்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். அதனால் காலி டேங்கில் வெல்டிங் வைக்கும் எண்ணத்தை வீட்டில் அறவே விட்டுவிடுங்கள். பாகங்களைப் பெட்ரோலில் கழுவும் பழக்கமும் வேண்டாம். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது, அழுக்கையும் நன்றாக எடுக்கும். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறையோடு, நெருப்புக்குத் தொலைவில் கழுவுங்கள். எண்ணெய்த் தீயை அணைக்கக்கூடிய தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, சில கேஸ்கெட்டுகள் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடத்தைச் சூடாக்குவதும் கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் அந்தச் சூட்டில் நச்சு வாயு உண்டாகும்.

கருவிகள்

நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட பெரிய பெட்டியை வாங்க வேண்டியதில்லை. அதில் பாதி துண்டுகளை நீங்கள் தொடவே மாட்டீர்கள். தொடுகிற சில துண்டுகள் நல்ல இரும்பாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. ஸ்பேனர்களே வேலையை முடித்துவிடும். அச்சுகளுக்கும் ஸ்டீயரிங் நட்டுக்கும் 22, 24, 27 என்று மேலே போகும். ஐரோப்பிய வண்டிகளில் 12க்குப் பதில் 13 அடிக்கடி வரும். பழைய பிரிட்டிஷ் வண்டியானால் இந்த அளவுகள் எதுவுமே சரியாகப் பொருந்தாது. விட்வொர்த் ஸ்பேனர் தனியாக வேண்டும். அதில் பொறித்திருக்கும் எண், ஸ்பேனர் வாயின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். ஏறத்தாழ பொருந்துகிறது என்று மெட்ரிக் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

திறந்த வாய் ஸ்பேனர் நட்டை இரண்டு பக்கங்களில் மட்டுமே பிடிக்கும். இறுகிய நட்டை இளக்க ரிங் ஸ்பேனரோ ஆறு முனை சாக்கெட்டோதான் சரி. பன்னிரண்டு முனை சாக்கெட்டுகள் மழுங்கிய தலையில் நழுவும். மறைவான இடங்களுக்கு 8, 10, 12 அளவுகளில் டி ஸ்பேனர் வைத்திருங்கள். இதைவிட வேகமாக வேலை நடக்கும் கைக்கருவி எனக்குத் தெரியாது.

திருப்புளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பழைய ஜப்பானிய வண்டிகளின் இன்ஜின் மூடிகளில் இருக்கும் கூட்டல் குறித் திருகுகள் பார்வைக்கு பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் அவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவைச் சேர்ந்தவை. பல திருகுகளின் தலையில் ஒரு சிறு புள்ளி அடையாளமாக இருக்கும். பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் அடிவரை இறங்காது. பலம் கொடுத்தால் மேலே ஏறி நழுவி, திருகின் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். முனை கொண்ட திருப்புளி ஒன்றும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்குங்கள். அடி விழும்போதே முனை திருகுக்குள் அழுந்துவதால் அது நழுவுவதில்லை. பல ஆண்டுகள் அசையாத திருகுகூட இரண்டு மூன்று அடிகளில் இளகிவிடும். கழற்றிய பிறகு அந்தத் திருகுகளுக்குப் பதிலாக ஆலன் போல்ட் போட்டுக்கொள்ளலாம். நீளம் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டார்க் ரெஞ்ச் இரண்டு வேண்டும் என்று சொன்னால் பலர் தயங்குவார்கள். ஆனால் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர்வரை ஒன்று, அதற்கு மேல் 100வரை ஒன்று என்று இருந்தால்தான் நிம்மதி. பெரிய ரெஞ்சின் அடிமட்ட அளவுகளை நம்ப முடியாது. மோட்டார் சைக்கிள் இன்ஜினில் அதிகம் இருப்பதோ சிறிய போல்ட்டுகள். 10 ஸ்பேனரால் திருப்பும் போல்ட்டின் மரை விட்டம் 6 மி.மீ.தான், அதற்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். அலுமினியத்தில் வெட்டிய மரை அதைவிட மிக அதிகம் தாங்காது. புதியவர்கள் செய்யும் சேதத்தில் பெரும்பகுதி இந்த 6 மி.மீ. போல்ட்டுகளில்தான். டார்க் ரெஞ்சால் எதையும் இளக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் அதன் அளவை மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். மரை ஏற்கெனவே கழன்றிருந்தால் பசை தடவி ஒப்பேற்ற வேண்டாம். பெரிதாக்கிப் புதிய மரைச் சுருள் பொருத்தினால் அது பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும்.

அளக்க, சிறு இடைவெளிகளில் செருகும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வெர்னியர் காலிப்பரும் வீட்டில் இருந்தால் தொடங்கிவிடலாம். சிலிண்டரின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து முடிவெடுக்காதீர்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அதற்கு மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வைத்திருக்கும் லேத் பட்டறையிடம் போவதுதான் முறை.

மாற்று வழியே தேடக்கூடாத கருவிகள் சில உண்டு. மேக்னெட் புல்லர், கிளட்ச் ஹப்பைப் பிடிக்கும் கருவி, கிளட்ச் நட்டு காடி வெட்டியதாக இருந்தால் அதற்குரிய சாக்கெட், வால்வு ஸ்பிரிங் அழுத்தி, சர்க்ளிப் என்ற பூட்டு வளையத்தைக் கழற்றும் நல்ல குறடு. இவை இல்லாமல் சமாளித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினால் உள்ளே காந்தம் விடுபடும், கிராங்க் முனை வளையும். இன்ஜினின் அடிப்பகுதி உறையான கிராங்க் கேஸின் இணைப்பில் திருப்புளியைச் செருகி நெம்பினால், அந்த இரண்டு முகங்களும் இனி ஒருபோதும் எண்ணெய் கசியாமல் சேராது. மென்முகச் சுத்தியலால் தட்டியும் பிரியவில்லை என்றால், எங்கோ ஒரு போல்ட் இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

சூடும் ஒரு கருவியே. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அலுமினிய உறையை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், அதில் இறுகி உட்கார்ந்திருக்கும் பேரிங் லேசாகத் தட்டினாலே இறங்கிவிடும்.

சக்கரத்தில் நிற்கும்போதே இளக்குங்கள்

இந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கலாம். முதன்முதலில் நான் ஓர் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்த பிறகுதான் செயினை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் நட்டை இளக்க முயன்றேன். ஸ்பேனரை அழுத்தினால் இன்ஜின் முழுவதும் சுழன்றது. பிடித்துக்கொள்ள இருவர் வந்தும் நட்டு அசையவில்லை. கடைசியில் இன்ஜினை மறுபடி ஃபிரேமில் ஏற்றி, செயினை மாட்டி, பின் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஒரே அழுத்தில் இளகியது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கழுவுதல். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் துளையையும் துணியால் அடைத்துவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு இன்ஜினைச் சுற்றியுள்ள களிம்பை எடுங்கள். வெளி அழுக்கு உள்ளே போனால் மணல்துகளாகி, புதிய பாகத்தையும் தேய்த்துவிடும். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் சக்கர பேரிங்கின் மேலும் மின்கம்பி இணைப்புகளின் மேலும் காட்ட வேண்டாம்.

பிறகு சைலன்சர் நட்டுகள், ஃபிரேம் போல்ட்டுகள், அச்சுகள் எல்லாவற்றுக்கும் துரு இளக்கும் எண்ணெய். இதை ஒரு நாள் மாலையில் மட்டும் விட்டுவிட்டு மறுநாள் காலை கழற்றப் போகாதீர்கள். நான்கைந்து நாட்கள், நாளுக்கு ஒருமுறை விடுங்கள். சைலன்சர் ஸ்டட் ஹெட்டுக்குள் உடைந்துபோனால் அதைத் துளையிட்டு எடுப்பது ஒரு நாள் வேலை.

இன்ஜின் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வெள்ளை நிறத் தட்டில் வடித்து, விரலால் அளைந்து பாருங்கள். பொடியான சாம்பல் பசை பழைய வண்டியில் இயல்பு. தகடு தகடாக மினுங்கினால் எந்த பேரிங் அல்லது பற்சக்கரத்திலிருந்து வந்தது என்று தேடும் வேலை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேட்டரி. நெகடிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பிறகு செயின் மாட்டியிருக்கும்போதே முன் ஸ்ப்ராக்கெட் நட்டின் பூட்டு வாஷரை உளியால் நிமிர்த்தி, பின் பிரேக்கை ஒருவர் மிதிக்க, நட்டை இளக்கி விரலால் திரும்ப மாட்டி விடுங்கள். கிளட்ச் மூடியைத் திறந்த பின் கிளட்ச் ஹப் நட்டையும் உயர்ந்த கியரில் போட்டு, அதே பிரேக்கின் உதவியோடு இளக்கலாம். மேக்னெட் நட்டு, ஸ்டீயரிங் நட்டு, அச்சு நட்டுகள் எல்லாம் இதே கட்டத்தில். இறுகிய எதுவும் மேசைக்குப் போகக் கூடாது.

எது எங்கிருந்து வந்தது

சிறு பிளாஸ்டிக் பைகள், காகித நாடா, அழியாத மை பேனா, அட்டைகள், செல்பேசி. இந்த ஐந்தும் இல்லாமல் பிரிக்கத் தொடங்குவது தப்பு. ஒரு பாகத்துக்கு ஒரு பை, பைமேல் பாகத்தின் பெயரும் தேதியும், மேனுவலின் பக்க எண்ணும். பாகத்தை எடுத்த பிறகு அதன் போல்ட்டுகளை முடிந்த இடங்களில் அதே துளையில் இரண்டு சுற்று திருப்பி வைத்துவிட்டால் பைகூடத் தேவைப்படாது.

இன்ஜின் மூடிகளுக்கு அட்டைதான் சிறந்தது. மூடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து, துளைகளின் இடத்தில் குத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே செருகி வையுங்கள். ஒரே மூடியில் மூன்று நான்கு நீளங்கள் இருப்பது சாதாரணம். நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டால் அடியில் முட்டி உறையை வெடிக்க வைக்கும், அல்லது முறுக்கிவிட்டது போன்ற எண்ணத்தைத் தந்து மூடியைப் பிடிக்காமல் இருக்கும். குட்டை போல்ட்டை ஆழமான துளையில் போட்டால் இரண்டே மரைகளில் தொங்கி, முறுக்கும்போது அவற்றைப் பிய்த்துக்கொண்டு வரும்.

படங்கள் எடுக்கும்போது கழற்றுவதற்கு முன் ஒன்று, கழற்றிய பின் ஒன்று. கேபிள்கள் ஃபிரேமின் எந்தப் பக்கம் செல்கின்றன, கார்புரேட்டர் குழாய்கள் எங்கே முடிகின்றன, ஒயர்களின் நிறங்கள் எப்படி இணைகின்றன என்பவற்றைத் தாராளமாக எடுங்கள். மெல்லிய வாஷர்களை மட்டும் படத்தை நம்பி விடாதீர்கள். கியர் தண்டின் முனையிலிருந்து வரும் வாஷர்களை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து, எந்த முனை வெளிப்பக்கம் என்று நாடா ஒட்டுங்கள். வண்டி மறுபடி ஓடும்வரை பழைய பாகம் எதையும், கிழிந்த கேஸ்கெட்டைக்கூட, எறிய வேண்டாம். புதிதாக வந்தது சரியானதா என்று ஒப்பிட அது ஒன்றுதான் சாட்சி.

பாகங்கள் வாங்கும் வரிசை

முழு கேஸ்கெட் செட், ஆயில் சீல்கள், ஓ ரிங்குகள், செம்பு வாஷர்கள், பூட்டு வாஷர்கள், பிஸ்டன் பின் சர்க்ளிப்புகள் ஆகியவை எப்படியும் மாற்ற வேண்டியவை. முன்பே வாங்கி வைத்துவிடலாம். பிஸ்டனை மட்டும், சிலிண்டரை அளந்த பிறகே வாங்குங்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் பட்டறையில் அளக்கச் செய்யுங்கள். தேய்மானம் மேனுவலின் எல்லையைத் தாண்டியிருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்த பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரிங். பிஸ்டனை அளந்து, அதற்குத் தக்க இடைவெளியில் சிலிண்டரைக் கடைய வேண்டும். முதலில் கடைந்துவிட்டு, பொருந்தும் பிஸ்டன் எங்குமே கிடைக்காமல் முடங்கிய பழைய வண்டிகள் உண்டு.

ரிங் இடைவெளியைப் பார்க்க, ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜைச் செருகுங்கள். புதிய ரிங்கையும் இப்படிப் பார்த்தே போட வேண்டும்.

இவ்வளவும் தயாரானால் முதல் நாள் வேலை எளிது. சீட்டு, டேங்க், பக்க மூடிகள், கார்புரேட்டர், சைலன்சர், அதோடு நிறுத்திவிடுங்கள். ஹெட்டை மறுநாள், இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில், மூலைக்கு மூலை கால் சுற்றாக இளக்கிக் கழற்றலாம். சிலிண்டரைத் தூக்கும்போது, பிஸ்டன் வெளியே வருவதற்கு முன்பே, கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் நன்றாக அடைத்துவிடுங்கள். ஒருமுறை நான் அடைக்கத் தவறி, நகம் அளவே உள்ள சர்க்ளிப் ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்க, பிரிக்கவே தேவையில்லாத கிராங்க் கேஸைப் பிரிக்க வேண்டியிருந்தது. துணி உள்ளே இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பிறகு குறடை எடுத்து, இன்னொரு கையின் பெருவிரலால் மறித்துக்கொண்டு, சர்க்ளிப்பை வெளியே இழுங்கள்.